டெங்கும் இல்லை, டைபாய்டும் இல்லை: உண்ணிக் காய்ச்சல் ஏன் பிடிபடாமல் போகிறது?

கேள்வி இது. களக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். ஆட்டுக்குப் புல் அறுக்க ஓடைக்கரைக்குப் போய்வரும் அம்மாவுக்குக் கார்த்திகை மாதம் காய்ச்சல் கண்டது. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். வைடால் டெஸ்டில் டைபாய்டு என்று வந்ததால் ஐந்து நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. தட்டணுக்கள் குறைந்தன, மூச்சு வாங்கியது. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் அக்குளில் இருந்த கருப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்) என்று டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. இத்தனை டெஸ்ட் இருந்தும் ஏன் முதலிலேயே தெரியவில்லை? இதற்கெல்லாம் ஆராய்ச்சி நடக்கிறதா இல்லையா? வீட்டு நாயை விரட்டிவிடலாமா? அம்மாவுக்கு இப்போது காதில் இரைச்சல் கேட்கிறதாம், அதுவும் இதனால்தானா?

நாயை விரட்ட வேண்டாம், பாவம். அதன் மேல் இருக்கும் உண்ணி வேறு, இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் பூச்சி வேறு. நாய் உண்ணியால் வரக்கூடிய ஒரு காய்ச்சலும் இருக்கிறதுதான். அதில் உள்ளங்கை, உள்ளங்காலில்கூடத் தடிப்பு வரும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு வந்தது அது இல்லை. இதைப் பரப்புவது மண்ணில் வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. வளர்ந்த சிற்றுண்ணி மனிதரைக் கடிப்பதே இல்லை. மண்ணில் கிடக்கும் பூச்சி முட்டைகளைத் தின்று வாழ்ந்துவிடும். முட்டையிலிருந்து வந்த ஆறுகால் குஞ்சுதான் புல் நுனியில் ஏறி உட்கார்ந்து, எலியோ மூஞ்சூறோ மனிதரோ உரசிப் போகும்போது தொற்றிக்கொள்கிறது. வாழ்நாளில் ஒரே தடவைதான் அப்படி ஒட்டும். அதுவும் இரத்தம் குடிப்பதில்லை, தோலைக் கரைத்து அந்த நீரை உறிஞ்சுகிறது. அந்த நேரத்தில் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போய்விடுகிறது. தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இந்தக் கிருமி தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஓர் ஓடைக்கரையில் இது ஒரு தடவை குடியேறிவிட்டால், அந்த இடத்தை விட்டு லேசில் போகாது.

அம்மாவுக்குக் கார்த்திகையில் வந்ததும் தற்செயல் இல்லை. தமிழ்நாட்டில் ஐப்பசி மழைக்குப் பிறகு, குளிர் மாதங்களில்தான் இது கூடுதலாக வரும். மழை பெய்து புல்லும் புதரும் முளைத்து, எலிகள் பெருகி, சிற்றுண்ணிகளும் பெருகும் காலம் அது. மலையடிவாரத்தை ஒட்டிய களக்காடு, அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கமெல்லாம் வாய்க்கால் கரை, குளத்தங்கரை, வாழைத்தோட்டத்து வரப்பு என்று புல்லுக்குக் குறைவே இல்லை. புல் அறுப்பவர், விறகு பொறுக்குபவர், ஆடு மேய்ப்பவர், இருட்டில் வெளிக்குப் போகிறவர்கள்தான் இதில் முதலில் மாட்டுகிறார்கள்.

சரி, ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பார்ப்பவன். அதனால் டெஸ்டுகளின் மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் குறைவு.

முதல் காரணம், நம் ஊர் டெங்குவைப் பார்த்துப் பயந்த ஊர். 2012-இல் கடையநல்லூரையும் சுற்றுவட்டாரத்தையும் டெங்கு ஆட்டிப் படைத்தது நினைவிருக்கும். தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாம் திருநெல்வேலிக் கணக்குத்தான். அந்த வருடம் இந்தியாவிலேயே தமிழ்நாட்டில்தான் டெங்கு நோயாளிகள் அதிகம். அதற்கப்புறம் இங்கே காய்ச்சல் என்றாலே முதல் கேள்வி ‘தட்டணு எவ்வளவு?’ என்பதாகிவிட்டது. உண்ணிக் காய்ச்சலிலும் தட்டணு குறையும். கல்லீரல் நொதிகள் இரண்டிலும் ஏறும். தலைவலி, உடல்வலி, வாந்தி இரண்டிலும் உண்டு. ஆனால் வித்தியாசங்களும் இருக்கின்றன. டெங்குவில் வெள்ளையணுக்கள் பொதுவாகக் குறையும்; இதில் சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும். டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் விட்டுவிடும், ஆபத்தே காய்ச்சல் விடும் நேரத்தில்தான் வரும். உண்ணிக் காய்ச்சல் விடாது. ஆறாம் நாள், எட்டாம் நாள் என்று இழுத்துக்கொண்டு போய், இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளையுறை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது அந்தப் படியில்தான்.

இரண்டாவது காரணத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். வைடால் டெஸ்ட். 1896-இல் பிரான்சில் வைடால் என்பவர் கண்டுபிடித்தது. டைபாய்டு கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். டைபாய்டு அரிதாக இருக்கும் ஊரில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. எப்போதோ டைபாய்டு வந்துபோனவர்களும், அதன் உறவுக் கிருமிகளைச் சந்தித்தவர்களும், தடுப்பூசி போட்டவர்களும் இருக்கும் நம் ஊரில், ஒரே ஒரு வைடால் முடிவை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று சொல்வது சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குக் கொஞ்சம்தான் மேல். டைபாய்டை உறுதிசெய்ய இரத்தக் கல்ச்சர், அதாவது இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட் வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்னால். வைடால் மலிவு, சீக்கிரம் முடிவு வரும், கையில் காகிதம் கிடைக்கும். அதனால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதில் நடந்த கெடுதல் என்னவென்றால், டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசி ஓரியன்ஷியாவை ஒன்றும் செய்யாது. அந்த ஊசி கிருமியின் சுவரைத் தாக்கும் வகை. ஓரியன்ஷியா நம் உடலின் செல்லுக்குள்ளேயே போய்க் குடியிருக்கும் கிருமி, அதன் சுவரும் மற்ற பாக்டீரியாக்களின் சுவர் மாதிரி இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளையும் இதற்கு நம்ப முடியாது. ஆக அம்மாவுக்கு ஐந்து நாள் ஊசி ஏறியது, கிருமிக்கு அந்த ஐந்து நாளும் லீவு மாதிரிதான்.

மூன்றாவது, உண்ணிக் காய்ச்சலுக்கென்று இருக்கும் டெஸ்டுகளே அரைகுறை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆராய்ச்சி எங்கே தடுமாறுகிறது என்பது இங்கேதான் தெரியும்.

பழைய டெஸ்ட் வெயில்-ஃபெலிக்ஸ். முதல் உலகப்போர்க் காலத்தில் எட்மண்ட் வெயில், ஆர்தர் ஃபெலிக்ஸ் என்ற இருவர், பேன் மூலம் பரவும் டைஃபஸ் நோயாளி ஒருவரின் சிறுநீரிலிருந்து புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தார்கள். அந்த நோய்க்கும் புரோட்டியஸுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் நோயாளிகளின் சீரத்தை, அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைச் சேர்த்தால் புரோட்டியஸ் திரிந்து கட்டிக்கொண்டது. இரண்டு கிருமிகளின் மேற்பரப்பிலும் ஏதோ ஒரு பொருள் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். பிறகு 1920களில் மலேயாவில், புரோட்டியஸின் ஓஎக்ஸ்-கே என்ற வகை உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளின் சீரத்தோடு சேர்ந்தால் கட்டிக்கொள்வதைப் பார்த்தார்கள். குருட்டு அதிர்ஷ்டத்தில் கிடைத்த இந்த டெஸ்டைத்தான் நூறு வருடம் கழித்தும் சின்ன ஆய்வகங்களில் செய்துகொண்டிருக்கிறோம். பாசிட்டிவ் வந்தால் ஓரளவு நம்பலாம். நெகட்டிவ் வந்தால் அதற்கு மதிப்பே கிடையாது, நோய் இருப்பவர்களில் பாதிக்கு மேல் தப்பிவிடுவார்கள்.

இப்போது நல்லது ஐஜிஎம் எலிசா. கிருமியின் மேல்தோலில் இருக்கும் 56 கிலோடால்டன் (இது மூலக்கூறு எடையின் அளவு) புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பிடிக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் செய்கிறார்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காய்ச்சல் நோயாளிக்கு ‘ஸ்க்ரப்’ என்று எழுதி அனுப்புவது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் எதிர்ப்பொருள் உருவாக ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். மூன்றாம் நாள் செய்தால் நெகட்டிவ் என்று வரும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னொரு பக்கம், ஐஜிஎம் என்ற அந்த எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். போன தையில் வந்துபோனவருக்கு இந்த ஆனியில் வேறு ஏதோ காய்ச்சல் வந்தாலும் பாசிட்டிவ் காட்டக்கூடும்.

முதல் வாரத்தில் உதவுவது பிசிஆர். கிருமியின் மரபணுவையே தேடுவது. ஆனால் இந்தக் கிருமி இரத்தத்தில் கொஞ்சமாகத்தான் சுற்றுகிறது, அதுவும் மருந்து உள்ளே போனதும் மறைந்துவிடும். கல்ச்சர் செய்யலாம் என்றால், சாதாரணத் தட்டில் வளராது; உயிருள்ள செல்களுக்குள் வைத்து, உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில், வாரக்கணக்கில் காத்திருந்து வளர்க்க வேண்டும். நோயாளிக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

மிச்சம் இருப்பது உங்கள் டாக்டர் பார்த்த அந்தப் பொருக்கு. ‘எஸ்கார்’ என்பார்கள். பூச்சி கடித்த இடத்தில் தோல் செத்துப்போய், பீடி நெருப்புச் சுட்ட புண் மாதிரி, நடுவில் கருப்பாகவும் சுற்றிலும் சிவப்பாகவும் இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. பூச்சி துணி இறுக்கும் இடம்வரை ஊர்ந்து போய்த்தான் கடிக்கும்: அக்குள், மார்புக்கு அடியில், இடுப்பில் சேலைக் கட்டு, தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்புறம், காதுக்குப் பின்னால். நம் நிறத்துக்கு அந்தச் சிவப்பு வட்டம் சரியாகத் தெரிவதும் இல்லை. எல்லா நோயாளிக்கும் இது இருக்காது. இருந்தாலும், புறநோயாளி வரிசையில் சேலையோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவின் அக்குளையும் இடுப்பையும் யார் பார்ப்பது? ஆண் டாக்டர் கேட்கத் தயங்குவார், அம்மாவும் காட்டமாட்டார். விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விட, ஒரு நர்ஸும் ஒரு திரையும் நல்ல வெளிச்சமும்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்க நம் மாவட்டத்துக்குத் தேவை என்று நான் நினைக்கிறேன். அந்தப் பொருக்கைப் பிய்த்து பிசிஆர் செய்தால், மருந்து தொடங்கிய பிறகும் கிருமி தெரியும், இரத்தத்தைவிட அதில் அவ்வளவு அதிகமாக இருக்கும்.

அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில், சந்தேகம் வலுவாக இருந்தால் டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளினைத் தொடங்கிவிடச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். குழந்தைகளுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பல் கறையாகும் என்று முன்பு பயந்தார்கள். குறுகிய காலம் கொடுத்தால் அப்படி ஆவதில்லை என்று இப்போது தெரிந்திருக்கிறது. எடைக்கு ஏற்ற அளவை டாக்டர் சொல்வார். சரியான மருந்து போய்விட்டால் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். அப்படி இறங்குவதே ஒருவகையில் டெஸ்ட்தான்.

ஆராய்ச்சி நடக்கிறதா என்று கேட்டீர்கள். நடக்கிறது, அதில் முக்கியமானவை தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றன. ஆனால் பின்னால் கொஞ்சம் போக வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அஸ்ஸாம், பர்மா எல்லையில் ஏராளமான சிப்பாய்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. அப்போது மருந்தே கிடையாது. 1948-இல் ஜோசப் ஸ்மாடெல் குழு கோலாலம்பூரில் குளோரம்ஃபெனிக்காலைக் கொடுத்துப் பார்த்தது. அதற்கு முன் வாரக்கணக்கில் கிடந்த நோயாளிகள் ஒன்றிரண்டு நாளில் தேறினார்கள். அப்புறம் டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகள் வந்தன. எந்தக் காய்ச்சலுக்கும் அவற்றைத் தாராளமாக எழுதிக்கொடுத்த காலம் அது. அப்படிக் கொடுத்ததில் உண்ணிக் காய்ச்சலும் பெயரில்லாமலே குணமாகிப் போயிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். பிறகு டெட்ராசைக்ளின் பழைய மருந்தாகி, புதிய ஊசிகள் வந்ததும் நோய் வெளியே தெரிய ஆரம்பித்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2001-2002 குளிர்காலத்தில் கண்ட நோயாளிகளைப் பற்றி எழுதியதிலிருந்து தென்னிந்தியாவில் இது திரும்பவும் பேச்சுக்கு வந்தது.

அதே கல்லூரி தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. கடுமையான உண்ணிக் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட சுமார் 800 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டாக்சிசைக்ளின், ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின், மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து, இரத்தக்குழாய் வழியாக ஏழு நாள் கொடுத்தார்கள். இறப்பு, ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நடந்ததா என்று கணக்கெடுத்தார்கள். ஒற்றை மருந்துப் பிரிவுகளில் 47, 48 சதவீதம் பேருக்கு நடந்தது. இரண்டும் சேர்ந்த பிரிவில் 33 சதவீதம். இரண்டு மருந்தும் கிருமியின் புரதம் செய்யும் இயந்திரத்தை வெவ்வேறு பகுதியில் அடைக்கின்றன, ஆகவே சேர்ந்தால் பலம் கூடுகிறது என்பது விளக்கம். இறப்பை மட்டும் தனியே எடுத்தால் பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாமதமாக வருபவருக்கு எந்த மருந்தும் முழுதாக ஈடுகட்டுவதில்லை. உங்கள் அம்மாபோல் மாத்திரையிலேயே தேறியவர்களுக்கு இந்த இரட்டை மருந்து தேவையும் இல்லை.

இன்னொன்று 2025-இல் வந்தது. வேலூரைச் சுற்றிய கிராமங்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வருடத்துக்குப் பத்தில் ஒருவர் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்றும், அதில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை என்றும் தெரிந்தது. எனக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை மட்டும் வைத்து நாங்கள் போட்ட கணக்கு எவ்வளவு சின்னது! இவ்வளவு பேரைத் தொடும் நோய், உலக சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில்கூட இடம்பெறவில்லை.

தடுப்பூசி இல்லை. போர்க்காலத்திலேயே முயன்றார்கள், கைகூடவில்லை. கார்ப், கில்லியம், கேட்டோ என்று கிருமியில் வகைகள் அதிகம். எதிர்ப்பொருள் பிடிக்கும் அந்த 56 கிலோடால்டன் புரதம்தான் வகைக்கு வகை மாறுகிறது. 2007-இல் மரபணுவைப் படித்தபோது, அதுவரை படித்த பாக்டீரியாக்களிலேயே அதிகம் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் கொண்டது இதுதான் என்று கண்டார்கள். வகைகள் இத்தனை இருப்பதால், ஒரு தடவை வந்தவருக்குத் திரும்ப வரலாம், அம்மாவுக்கும்தான்.

அதற்காகப் புல் அறுக்கப் போகாதீர்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போகட்டும். அறுத்த புல் மேலே உட்காரவோ, சட்டையைக் கழற்றிப் புதர் மேல் போடவோ வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் துணியை மாற்றிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்கட்டும். பூச்சி கடிக்க இடம் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கழுவிப் போய்விடும். வீட்டைச் சுற்றி உள்ள புதரை வெட்டுங்கள். எலிக்கு மருந்து வைத்துக் கொன்றால் மட்டும் போதாது, எலி செத்தாலும் மண்ணிலிருக்கும் சிற்றுண்ணிகள் அப்படியே இருக்கும். ஆளுக்கு ஆள் இது தொற்றாது, அம்மாவின் தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம்.

அடுத்த தடவை வீட்டில் யாருக்காவது ஐந்து நாள் தாண்டிக் காய்ச்சல் நின்றால், டாக்டரிடம் போகும் முன் வீட்டுப் பெண்கள் யாராவது உடம்பு முழுக்க ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பொருக்கு இருந்தால் டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் புல்லுக்குப் போன கதையைச் சொல்லி, ஸ்க்ரப் டைஃபஸாக இருக்குமா என்று நீங்களே கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். கடையில் நீங்களாக டாக்சிசைக்ளின் வாங்கிப் போட வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ மாத்திரை போதாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்கு மாத்திரை இன்னும் மிச்சம் இருந்தால், காய்ச்சல் விட்டதென்று நிறுத்தாமல் ஏழு நாளும் முடிக்கட்டும். நிறையத் தண்ணீர் விட்டு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கட்டும். தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இதோடு சேர்க்காமல் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

காது இரைச்சல் இதனால்தான் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் காய்ச்சலில் காது நரம்பு பாதிக்கப்பட்டு இரைச்சலும் மந்தமும் வருவது தெரிந்த விஷயம்தான். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். இருந்தாலும் தானாகப் போகட்டும் என்று விடாமல், ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனை ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உண்ணிக் காய்ச்சல் வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வயதாகிவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள்.